இடது கன்னத்தில் வெள்ளை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரக்கோணத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் லீவு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்குத்தான். எந்த ன, எந்த ண என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். தப்பு இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஐயா இரண்டு வருஷமாக, "நீ எழுதிக் கொடுப்பா. லயன் பொம்பளைங்க நான் சொன்னா சிரிக்கிறாங்க. நம்மள்ல ஒருத்தருக்கு நடந்ததுன்னு படிச்சுக் காட்டினா கேப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்காகத்தான் ஆரம்பித்தேன்.

எனக்கு, தெலுங்கும் உருதும் புழங்கும் லாலாகுடாவில், ரயில் பட்டறையில் மெத்தை தைக்கும் வேலை. முதல் வகுப்புப் பெட்டிகளின் இருக்கைகளில் தென்னை நாரும் குதிரை மயிரும் திணித்து, மேலே தோலை இழுத்துப் போர்த்தி, ஓரம் முழுக்கப் பொடி ஆணி அடிக்க வேண்டும். ஒரு கை தோலை இழுத்துப் பிடித்திருக்கும். இன்னொரு கையில் சுத்தியல். ஆணியை எடுக்கக் கை கிடையாது. அதனால் ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி உதட்டில் நிறுத்துவோம். சுத்தியலின் காந்த முனை அதைத் தொட்டு எடுத்துக்கொள்ளும். வாயில் ஆணி வைத்திருக்கிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். நாலு பேர் நடுவில் பேச எனக்குச் சிறு வயதிலிருந்தே கூச்சம். அந்த வேலை எனக்குச் சௌகரியமாக இருந்தது. எனக்கு வெற்றிலைப் புகையிலைப் பழக்கம் வராததற்கும் அந்த ஆணிகள்தான் காரணம். மற்றபடி நான் ஒழுக்கமானவன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் மனைவி நேர்மாறு. சோளிங்கர் பக்கத்துப் பெண். நாங்கள் இருந்த பட்டறைக் குடியிருப்பு லயனில் பதினாறு வீடுகள். பதினாறிலும் அவள் குரல் கேட்கும். நான் வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றுவதற்குள், "இன்னாங்க, இன்னிக்கும் ஆணிய வாயிலயே வெச்சிகினு வந்துட்டீங்களா? துப்பிட்டுப் பேசுங்க" என்பாள். நான் சிரிப்பேன். அதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பாள். "சிரிப்பு வருது, பேச்சு வரல. நல்ல ரேடியோ பொட்டி வாங்கிக் குடுத்தாரு எங்கப்பா."

மகள் பிறந்த நாலாவது மாதம் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. இடது பக்கம், கீழே. இரண்டு நாள் துடித்தாள். எதிர் வீட்டு அக்கா மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர். தமிழைப் பாதி, ஊர்ப் பேச்சைப் பாதி கலந்து பேசுவார். அவர் வந்து பார்த்து, "டாக்டரு நக்கோ, ஒண்ணும் வேணாம். வெத்தலைல கொஞ்சம் ஜர்தா வெச்சு அங்க அடக்கிக்கோ. பல்லு மரத்துப் போவும்" என்றார். ஜர்தா என்பது இங்கே கிடைக்கும் வாசனைப் புகையிலை. அக்கா தன் டப்பியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். உண்மையாகவே வலி நின்றது. ஒரு வாரத்தில் பல் சரியாகிவிட்டது. ஜர்தா மட்டும் தங்கிவிட்டது. லயனில் இதை யாரும் கெட்ட பழக்கம் என்று எண்ணவில்லை. ஆண்கள் பீடி குடித்தார்கள், பெண்கள் வாயில் அடக்கிக்கொண்டார்கள். சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அவள் இடது கன்னம் சற்று உப்பியே இருக்கும். படுக்கும்போதும் துப்ப மாட்டாள்.

வாங்கி வந்தது நான்தான். இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. பட்டறை வாசலுக்கு எதிரில் ஒரு வயதான முஸ்லிம், மியான் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், பீடாக் கடை வைத்திருந்தார். சங்கு ஊதி வெளியே வரும்போது என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரு நம்ம ஊமை மியான். பேகம் சாகிபாவோட பீடா தயார்!" என்று அவருடைய பாஷையில் கூவுவார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் காது சூடாகும். இருந்தாலும் ஒரு நாள்கூட அந்தக் கடையைத் தாண்டிப் போனதில்லை. ஒரு பெண்டாட்டியிடம் அன்பாக என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பூ வாங்கிக்கொண்டு லயனுக்குள் நடக்க வெட்கம். பீடாப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு போகலாம். அவள் கதவைத் திறந்ததும் முதலில் என் பையைத்தான் பார்ப்பாள், பிறகுதான் முகத்தை. பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து, "மியான் இன்னிக்குக் கை தாராளம்" என்று சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படிப் போயிற்று.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் முள் ஒன்று அவள் ஈறில் குத்திக்கொண்டது. என்னை வாசல் வெயிலுக்கு இழுத்துப்போய், வாயைத் திறந்து காட்டினாள். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் வாய்க்குள் பார்க்கிறேன். முள்ளை எடுத்தேன். எடுக்கும்போது கன்னத்தின் உள்பக்கத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். முற்றல் தேங்காயைச் சீவி ஒட்டியது போல. பீடா அடக்கும் அதே இடம். துணி நுனியால் துடைத்தேன். வரவில்லை. விரலால் தொட்டேன். மற்ற இடம் வழுக்கியது, அது சொரசொரவென்று இருந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லியே. இன்னா கீது அங்க?"

"வெள்ளையாக் கீது."

கண்ணாடியைக் கொண்டு வந்து தானே பார்த்தாள். "அட, இதுக்கா மூஞ்ச இப்படி வெச்சிகினீங்க? சுண்ணாம்பு பட்டு வெந்துக்கீது. இனிமே சுண்ணாம்பக் கொறச்சிக்கறேன்."

சுண்ணாம்பு அதிகமானால் வாய் வேகும் என்று வெற்றிலை போடுகிற யாருக்கும் தெரியும். எதிர் வீட்டு அக்காவும் பார்த்துவிட்டு, "ஹவ், ஆமா, சுண்ணாம்புதான்" என்றார். தேங்காய்த் துண்டை மென்று கொஞ்சநேரம் வைத்திருக்கச் சொன்னார். நெய் தடவச் சொன்னார். எல்லாம் செய்தாள். சுண்ணாம்பைப் பாதியாக்கினாள். சுண்ணாம்பு குறைந்தால் ஜர்தாவில் காரம் ஏறாதாம். "சப்புன்னு கீதுங்க. மியான்கிட்ட ஜர்தா கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க" என்றாள். நான் மியானிடம் சொன்னேன். அவர் கூடப் போட்டார். புண்ணுக்குக் காரணம் இது என்று நாங்கள் ஒன்றைக் குறைத்து, காரணமாயிருந்ததை ஏற்றினோம். அதை நான் என் வாயால் கேட்டு, என் கையால் வாங்கி வந்தேன்.

வெள்ளை போகவில்லை. வலியும் இல்லை. மூன்று நாலு வருஷம் அப்படியே இருந்தது. வலிக்காத ஒன்றை எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருப்பது? அவள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. அந்தச் சொரசொரப்பு என் விரல் நுனியில் இருந்தது. ஆணியை நாக்கால் தள்ளும்போதெல்லாம் என் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வேன்.

நடுவில் ஒரு நாள் தைக்கும் ஊசி என் விரலில் ஏறி, டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் ஐயா கட்டுப் போட்டுவிட்டு, "வேற ஏதாவது உண்டாப்பா?" என்று கேட்டார். கேட்க வேண்டியது எனக்கு இருந்தது. என் மனைவி வாய்க்குள் வெள்ளையாக ஒன்று இருக்கிறது, துடைத்தால் வரவில்லை. இவ்வளவுதான். என் பின்னால் வரிசையில் பட்டறை ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன், "அவன் வாயில ஆணி கீது சாமி, நீங்கதான் புடுங்கணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெண்டாட்டியின் வாய்க்குள் இருப்பதை அத்தனை ஆண்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிஷம் நின்றேன். "ஒண்ணுமில்லை ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்குத் தனியாக வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். சண்டைக்காலம். பட்டறையில் ஆஸ்பத்திரி வண்டிகளுக்குப் படுக்கை தைக்கும் வேலை மலையாகக் குவிந்தது. அந்த ‘நாளை’ வரவேயில்லை.

பிறகு குழம்பில் காரம் குறைய ஆரம்பித்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. பிரசவித்தவளுக்கு வைக்கும் குழம்பு மாதிரி இருந்தது. எதிர் வீட்டு அக்கா ருசி பார்த்துவிட்டு, "கைக்கு, ஏன் இப்படி? மொளகாச் செடிக்கும் உனக்கும் சண்டையா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு, "எரியுதுக்கா. வர வர நாக்கு மகாராணி ஆயிடுச்சு" என்றாள். அன்றைக்கு நானாகவே அவளை வெயிலுக்குக் கூப்பிட்டேன். வெள்ளை அகலமாகியிருந்தது. அதன் நடுவில் இரண்டு மூன்று இடத்தில் சிவப்பு, வெல்வெட்டுத் துணி போல. நான் "டிஸ்பென்சரிக்குப் போவலாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வாய் வெந்ததுக்கு யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா? பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்றாள்.

மகளின் கல்யாணம் முடிந்தது. மகள் புருஷன் வீட்டுக்கு, பெஜவாடாவுக்குப் போனாள். அதற்குள் என் மனைவிக்கு இடது கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கிவிட்டது. பல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இவள் முடிவுகட்டி, நான் பட்டறையில் இருந்தபோது, அக்காவோடு பஜாருக்குப் போய், நாற்காலி போட்டுப் பல் பிடுங்குகிறவரிடம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பல் போன குழி ஆறவில்லை. இருபது நாள், ஒரு மாதம். விளிம்பு தடித்து எழும்பியது. தொட்டால் கல். ரத்தம் கசிந்தது. காதுக்குள் குத்துகிறது என்றாள். வாயில் இருப்பது காதில் ஏன் குத்துகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் டிஸ்பென்சரிக்குப் போனோம். கம்பவுண்டர் ஐயா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். எப்போதும் ஏதாவது திட்டிக்கொண்டே வேலை செய்கிறவர், விளக்கை அப்படியே கீழே வைத்தார். உள்ளே போய் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் அவள் தாடையின் கீழே விரலை வைத்து அழுத்தினார். அங்கே ஒரு கட்டி இருந்தது. அதை நான் அதுவரை பார்க்கவில்லை. மதராஸுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கம்பவுண்டர் ஐயா என்னை மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னார்.

"வாய்க்குள்ள இருக்கிறது மெல்லிசுத் தோலுப்பா. ஒரே இடத்துல தினம் புகையிலை வெந்துகிட்டே இருந்தா, தாங்கறதுக்காக அது தடிச்சுக்கும். உன் கையில சுத்தியல் காய்ப்பு இருக்கு பாரு, அது மாதிரி. அதுதான் வெள்ளையாத் தெரியும். நிறையப் பேருக்கு அதோட நின்னுடும். புகையிலையை விட்டுட்டா சில பேருக்கு மறைஞ்சும் போகும். சில பேருக்கு அந்த வெள்ளைக்குள்ள சிவப்பு வரும். அது வந்தா மோசம். அப்புறம் சதை தன் இஷ்டத்துக்கு வளர ஆரம்பிக்கும். மேலே கொஞ்சம் தெரியும், உள்ள வேர் விட்டுடும். கழுத்துல கட்டியா வந்துடும். கஷ்டம் என்னன்னா, கடைசி வரைக்கும் வலிக்காது. எந்த வெள்ளை எப்படித் திரும்பும்னு பெரிய டாக்டராலயும் பார்த்தவுடனே சொல்ல முடியாது. அதனால வெள்ளையா இருக்கறப்பவே காட்டணும்."

நான் கேட்டேன். "வெள்ளையா இருந்தப்போ காட்டியிருந்தா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ பார்த்தியா? எப்போ?"

"இல்லைங்க ஐயா. சும்மா கேட்டேன்."

மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தோம். மருந்தையே ஊசிகளாகச் செய்து கன்னத்துக்குள் குத்திச் சுடுகிற ரேடியம் வைத்தியம் செய்தார்கள். தினமும் காலையில் பெரிய டாக்டர் மாணவர்களைக் கூட்டி வருவார். ஒவ்வொருவராகக் குனிந்து அவள் வாய்க்குள் பார்ப்பார்கள். முதல் நாள் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நாலாம் நாள் அவர்கள் போனதும் என்னிடம், "திருப்பதி மாதிரி வரிசையா வந்து பாக்கறாங்க. உண்டியல் ஒண்ணு வெக்கட்டா?" என்றாள். வார்த்தைகள் குழறின. நான் சிரித்தேன். சிரிக்க வேண்டும் என்றுதான் அவள் சொன்னாள்.

கன்னத்துப் புண் கொஞ்சம் சுருங்கியது. கழுத்துக் கட்டி பெரிதானது. தாடை எலும்பிலும் ஏறிவிட்டது என்றார்கள். பெரிய டாக்டர் என் தோளைத் தொட்டு, "வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்க கேக்கறதைச் சாப்பிடக் கொடுங்க" என்றார். அவரை வெள்ளையாக இருந்த காலத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வாய் மூடத் தொடங்கியது. முதலில் மூன்று விரல் நுழைந்தது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. பிறகு கரண்டியின் ஓரம். கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடித்து, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் சொருகி ஊற்றுவேன். பாதி வெளியே வழியும். வேலைக்குப் போகும் நேரத்தில் எதிர் வீட்டு அக்கா வந்து இருப்பார்.  தன் ஜர்தா டப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். ஆனால் அவர் வாயில் அது இருக்கும் என்பது கன்னத்தைப் பார்த்தால் தெரியும்.

ஒரு மாலை அவள் என் சட்டைப் பையைக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. தலையை ஆட்டி மறுத்தேன். மறுபடியும் காட்டினாள். "இன்னும்... இன்னா... ஆவப் போவுது?" என்று மூன்று மூச்சில் சொன்னாள். கேட்பதைக் கொடுங்கள் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். அவர் சாப்பாட்டைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். போனேன். மாதக்கணக்காக நான் போகவில்லை. மியான் கேலி செய்யவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும். பீடாவைக் கட்டும்போது ஜர்தா டப்பியின் மேல் அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். நான் எங்கேயோ பார்த்தேன். அவர் போட்டார். வீட்டில் அதைப் பிரித்து அவளிடம் கொடுத்தேன். வாய்க்கு அருகே கொண்டுபோனாள். நுழையவில்லை. மூக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். வெற்றிலை அவள் கைச் சூட்டில் வாடியது.

அதற்குப் பிறகு பேச்சும் போய்விட்டது. வீட்டில் யாராவது பேச வேண்டும். நான் பேச ஆரம்பித்தேன். பட்டறையில் யார் யாரோடு சண்டை, எந்தத் துரையின் தொப்பி காற்றில் பறந்தது, மாரெட்பள்ளியில் புதிதாக யார் வீடு கட்டுகிறார்கள், மகள் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாள். அத்தனை வருஷம் சேர்த்துப் பேசாததை அந்த மூன்று மாதத்தில் பேசினேன். அவள் கண்ணை என் வாயிலிருந்து எடுக்காமல் கேட்பாள். கஷ்டத்திலும் சில சமயம் அவள் கண் சிரிக்கும். இவனுக்கா இவ்வளவு பேச்சு என்பது போல.

அப்படி ஒரு மத்தியானம், சொல்ல வேறு ஒன்றும் இல்லாமல், டிஸ்பென்சரி வரிசையைப் பற்றிச் சொன்னேன். விரலில் கட்டுப் போட்டது, வேறு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டது, பின்னால் ஆட்கள் சிரித்தது, ஒன்றுமில்லை என்று நான் சொல்லிவிட்டு வந்தது. "அன்னிக்கு நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நீ இன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போர்வையிலிருந்து வலது கையை எடுத்து, மணிக்கட்டை மட்டும் ஒருமுறை வெளிப்பக்கமாக அசைத்தாள். விடு, போனால் போகட்டும் என்கிறாளா, எழுந்து போ என் முன்னால் நிற்காதே என்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. "இன்னா சொல்ற?" என்று கேட்டேன். கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒருக்களித்தால் அவளால் வலது பக்கம்தான் படுக்க முடியும், சுவர் அந்தப் பக்கம்தான் இருந்தது. அதனால் அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். மகள் வந்து சேரும்வரை காத்திருந்து எடுத்தோம்.

கம்பவுண்டர் ஐயா இதை முதலில் படிப்பார். நான் அன்றைக்குச் சும்மா கேட்கவில்லை என்று அவருக்கு இப்போது தெரியும். அவர் என்னைத் திட்டினாலும் சரி, இதைப் பெண்களுக்குப் படித்துக் காட்டும்போது நான் சொல்லாமல் வந்த அந்த இடத்தை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துப்போட்டு, நாலாவது தடவை முழுக்க எழுதினேன். விய வருஷம் தை மாதம் 27ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, 1947 பிப்ரவரி 9.